பேருக்கு வாடகை

என் அக்காவுக்கு ஒரு வெள்ளைக் கார் சொந்தமாக இருந்தது. அது கைமாறிய நாள்வரை அதில் அவள் இரண்டு முறைதான் ஏறியிருந்தாள், இரண்டு முறையும் பின்சீட்டில். கதவை உள்ளேயிருந்து திறக்க அவளுக்குத் தெரியாது. யாராவது வந்து திறந்துவிடும்வரை பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தக் காரால்தான் ஏழைகளுக்கென்று தருகிற சிவப்பு ரேஷன் கார்டு அவள் கையைவிட்டுப் போகப் பார்த்தது. சிவப்பு கார்டு போனால் முதியோர் பென்ஷன் நிற்கும். பென்ஷன் நின்றால் என் வீட்டோடு வந்துவிட வேண்டும், அல்லது என்னிடம் கை நீட்ட வேண்டும். மாமா செத்த பிறகு இத்தனை வருஷமாக அவள் இரண்டையும் செய்யவில்லை. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பிடிவாதத்தில் இன்னும் மூத்தவள்.

நான் மரக்காணத்தில் இருக்கிறேன். அக்கா காலாப்பட்டில் இருக்கிறாள். இரண்டும் ஒரே கடற்கரைச் சாலையில்தான், ஆனால் வேறு வேறு அரசாங்கம். தெற்கே போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், உப்பளமெல்லாம் தாண்டி ஓர் இடத்தில் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி வரும். அதுதான் காலாப்பட்டு. கொஞ்ச நேரத்தில் அது முடிந்து மறுபடி தமிழ்நாடு. குயிலாப்பாளையத்துக்குத் திரும்பும் இடமும் கோட்டக்குப்பமும் தாண்டினால் மறுபடி புதுச்சேரி. ஒரு டிக்கெட்டில் மூன்று எல்லை. பலகையைப் பார்க்கவே வேண்டியதில்லை. பிராந்திக் கடைகள் நெருக்கமாக வந்தால் புதுச்சேரி, காணாமல் போனால் தமிழ்நாடு. காலாப்பட்டைச் சுற்றி மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். தரையிலேயே ஒரு தீவு என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த எல்லைகளில்தான் என் சம்பளம் வந்தது. கிளியனூர்ப் பக்கம் ஒரு வணிகவரிச் சோதனைச் சாவடியில் குமாஸ்தாவாக இருந்தேன். லாரியில் எத்தனை மூட்டை, எத்தனை பெட்டி, எத்தனை டைல்ஸ், பில்லில் எத்தனை என்று பார்ப்பது வேலை. பின்னாளில் வரி முறையை மாற்றி அந்தச் சாவடியை எடுத்துவிட்டார்கள். சாவடி போனாலும் எண்ணுகிற புத்தி போகவில்லை. இப்போதும் பஸ் ஜன்னலில் உட்கார்ந்து உப்புக் குவியல்களை எண்ணிக்கொண்டுதான் போவேன். தார்ப்பாய் மூடியது இத்தனை, மூடாதது இத்தனை. அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. எண்ணாமல் விட்டால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது, அவ்வளவுதான்.

கார் விஷயத்துக்கு முன்னால் உப்புப் பாக்கெட் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துத்தான் நான் குழம்பினேன்.

பேத்திக்குக் காது குத்திய மறுநாள். வந்த ஜனம் எல்லாம் போய்விட்டது. அக்கா, என் மகள், மாப்பிள்ளை, நான் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை சென்னையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிறார். கெட்டிக்காரர், கெட்ட பழக்கம் கிடையாது. மோரில் போட உப்புப் பாக்கெட்டை நகர்த்தியபோது அதைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

“மாமா, இந்தக் கம்பெனி கணக்கு எங்க ஆபீஸ்லதான் பாக்கறோம். இதுல இருக்கிற உப்பு உங்க ஊர்து. மேல போட்டிருக்கிற பேரு உங்க ஊர்து இல்ல, தெரியுமா?”

“பின்ன எந்த ஊர்து?”

அவர் ஒரு தீவின் பெயரைச் சொன்னார். இரண்டு முறை சொல்லியும் எனக்கு வாயில் நுழையவில்லை. அந்தத் தீவில் ஒரு கம்பெனி இருக்கிறதாம். பாக்கெட்டில் உள்ள பெயரும் அன்னப்பறவைப் படமும் அந்தக் கம்பெனிக்குச் சொந்தமாம். இங்கே விற்கிற ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அந்தப் பெயரைப் பயன்படுத்தியதற்காக அங்கே பணம் போகிறதாம்.

“பேருக்கு வாடகையா?” என்றேன்.

“அப்படித்தான் வெச்சுக்கங்களேன்.”

“அந்தத் தீவுக் கம்பெனி யாருது?”

“இதே மொதலாளியுதுதான்.”

“அப்போ அவரே அவருக்கு வாடகை குடுக்கறாரா?”

“அவர் இல்ல மாமா. கம்பெனி கம்பெனிக்குக் குடுக்குது.”

“ரெண்டும் அவருதுதானே?”

“ஆமா.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா. இங்க லாபம் கொறையுது. லாபத்துக்குத்தானே வரி? அங்க லாபம் ஏறுது. அங்க வரி இல்ல.”

அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டேன். யாருமே இல்லையாம். ஒரு விலாசம் மட்டும்தான். ஒரே கட்டடத்தில் ஆயிரக்கணக்கான கம்பெனி என்றார். ஆயிரம் கம்பெனிக்கு எத்தனை நாற்காலி போட்டிருப்பார்கள் என்று கேட்டேன். மகள் என்னை முறைத்தாள்.

“இதெல்லாம் தப்பில்லையா மாப்பிள்ளை?”

“பக்கா லீகல் மாமா. பேருக்குக் குடுக்கிற ரேட்டு நியாயமா இருக்கணும்னு சட்டமே இருக்குது. நியாயம்னு காட்டறதுதான் எங்க வேலை.”

அக்கா பாக்கெட்டை வாங்கி மோரில் கொஞ்சம் கொட்டிக்கொண்டு, “அந்தத் தீவுல உப்பு வெளையுமா?” என்று கேட்டாள்.

“சுத்திக் கடல்தானே பெரியம்மா, வெளைஞ்சாலும் வெளையும்” என்றார் மாப்பிள்ளை. எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரே யோசனை. சாவடியில் பில்லுக்கு மேல் பத்து மூட்டை சிமெண்டு வைத்திருந்த லாரிக்காரனைப் பிடித்தால் அவன் கெஞ்சுவான், கையைப் பிடிப்பான். அவன் செய்தது வரி ஏய்ப்பு. பெயரைக் கப்பலேற்றி அனுப்பினால் அது கணக்கு. பெயருக்கு எடை கிடையாது, லாரியில் ஏறாது, சாவடியில் தெரியாது. நான் அத்தனை வருஷம் எதை எண்ணிக்கொண்டிருந்தேன்?

அதற்குப் பிறகு மாப்பிள்ளை கார் வாங்கினார். வெள்ளைக் கார். முதலில் எங்கள் வீட்டு வாசலில்தான் கொண்டுவந்து நிறுத்தினார். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியபோதே நம்பர் பலகையைப் பார்த்தேன். புதுச்சேரி நம்பர். சென்னையில் இருக்கிறவருக்குப் புதுச்சேரி நம்பர் எப்படி என்று கேட்டதற்கு, “டாக்ஸ் கம்மி மாமா” என்று மட்டும் சொன்னார். யார் பேரில் வாங்கினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அக்கா பேரில்தான். காலாப்பட்டு விலாசத்தில் ஆதார் வைத்திருக்கிற சொந்தக்காரர் அவள் ஒருத்திதான். “உங்க பேரை மட்டும் குடுங்க பெரியம்மா” என்று கேட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் பேர் கொடுப்பது என்றால் பெரிய விஷயமே இல்லை. கண் ஆபரேஷன் முகாமுக்குப் பேர் கொடுப்பார்கள், மகளிர் குழுவுக்குப் பேர் கொடுப்பார்கள், சேலை தருகிறார்கள் என்றால் பேர் கொடுப்பார்கள். கொடுத்தால் ஏதாவது வரும், வராமலும் போகும். பேர் கொடுத்து எதையாவது இழந்தவர் கிடையாது. “பேர்தானே, எடுத்துக்கோங்க மாப்ளே” என்று காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

இது எனக்குத் தெரிய வந்தது ரேஷன் கார்டு ஆபீஸில் வைத்துத்தான். கார்டை எடுத்துக்கொண்டு நேரில் வரச் சொல்லி அக்காவுக்குத் தகவல் வந்தது. துணைக்கு நான் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் ஓர் இளம்பெண் இருந்தது. மரியாதையாகத்தான் பேசியது.

“பாட்டி, உங்க பேர்ல கார் இருக்குதே?”

“இருக்குது. எங்க மாப்பிள்ளை ஓட்டறாரு.”

“கார் வெச்சிருக்கறவங்களுக்கு சிவப்பு கார்டு கெடையாது. மஞ்சளா மாத்திடுவாங்க. பென்ஷனும் நின்னுடும்.”

“நான் எங்கம்மா வெச்சிருக்கேன்? என் வீட்டுச் சந்துல சைக்கிளே திரும்பாது. நான் பேர் மட்டும்தான் குடுத்தேன்.”

“பேர்தான் பாட்டி ஓனரு.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சின்ன வயதில் நான் எதையாவது உடைத்துவிட்டு நின்றால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. உடைத்தது நான் இல்லை என்று சொல்ல நினைத்தேன். அந்தப் பெண் மேலே யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்து, வண்டியை வேறு பேருக்கு மாற்றிய ரசீதைக் கொண்டுவந்தால் கார்டில் கை வைக்க மாட்டோம், அடுத்த மாதத்துக்குள் வேண்டும் என்றது.

வெளியே வந்து மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அவர் கோபப்படவில்லை. எப்போதும்போல் நிதானமாகப் பேசினார்.

“மாமா, இப்ப என் பேருக்கு மாத்தினா தமிழ்நாட்டு டாக்ஸ் கட்டணும். அது எவ்ளோ தெரியுமா? பெரியம்மா பென்ஷனை மாசாமாசம் நான் குடுத்துடறேன். நூறு ரூபா சேத்தே குடுக்கறேன். அவங்களுக்கு நஷ்டமில்ல, எனக்கும் நஷ்டமில்ல. கார்டு என்ன கலர்ல இருந்தா என்ன?”

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து மனதுக்குள் கணக்குப் போட்டேன். அவர் சொன்னது சரியாகத்தான் வந்தது. அக்காவுக்கு நூறு ரூபாய் கூட வருகிறது. மாப்பிள்ளைக்குப் பெரிய தொகை மிஞ்சுகிறது. அரசாங்கத்துக்கும் பென்ஷன் மிச்சம். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டமே இல்லாத ஒரு கணக்கை நான் ஏன் விடாமல் போட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

அக்காவின் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

“அவர் குடுத்தா அது அவர் காசு. இப்ப வர்றது என் காசு.”

“ரெண்டும் ஒரே தொகைதான் அக்கா. இன்னும் சொல்லப்போனா...”

“டேய், நீ கணக்குப் போட்டது போதும். அவர் மறந்தா நான் போன் போட்டுக் கேக்கணும். ‘மாப்ளே, இந்த மாசம் இன்னும் வரல’ன்னு நான் கேக்கணும். அப்படித்தானே?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு உப்புக் கம்பெனிக்காரனைப் பத்திச் சொன்னாரே. பேருக்கு வாடகைன்னு. அவன் பேருக்கு அவனே வாடகை வாங்கறான். என் பேரை எடுத்துட்டுப் போனாரே உன் மாப்பிள்ளை, இன்னா வாடகை குடுத்தாரு?”

பக்கத்து வீட்டு மீன்பிடிக்காரர் சுவரோரம் வலை பின்னிக்கொண்டிருந்தார். சொந்தப் படகு உள்ளவர். எங்கள் பேச்சு முழுவதும் அவர் காதில் விழுந்திருக்கிறது. “இன்னா சார் அது, பேருக்கு வாடகை?” என்றார். நான் தீவுக் கதையைச் சொன்னேன். மாப்பிள்ளை சொன்ன வார்த்தையையும் சொன்னேன், ஆஃப்ஷோர் கம்பெனி, அதாவது கரை தாண்டிய கம்பெனி.

“ஆஃப்ஷோரா? அது தெரியும் சார். பன்னண்டு மைலுக்கு அந்தாண்ட. அங்க போயிட்டா நம்ம ஊரு ரூல்ஸ் கெடையாது. கம்பெனியைக் கப்பல்ல வெச்சிருக்காங்களா?”

“கப்பல் இல்லப்பா. விலாசம் மட்டும்தான்.”

“வெலாசத்தைக் கடல்ல எப்படி சார் வெப்பாங்க? நங்கூரம் போட்டா?”

அவர் கிண்டல் செய்கிறாரா நிஜமாகக் கேட்கிறாரா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் அடுத்து அவர் சொன்னதுதான் எல்லாவற்றையும் மாற்றியது.

“ஆயா, வண்டி உன் பேர்லதானே இருக்குது? ஆபீஸ்ல அந்தப் பொண்ணே சொல்லிட்டா, நீதான் ஓனருன்னு. அப்ப வித்துடு.”

“வித்துடறதா?”

“உன் வண்டி. நீ விக்கற. எவன் கேப்பான்? கோட்டக்குப்பத்துல எங்காளு ஒருத்தன் வண்டி புரோக்கரா இருக்கான். இரு, போன் போடறேன்.”

விளையாட்டு என்றுதான் நினைத்தேன். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டார். எந்த மாடல், எவ்வளவு ஓடியிருக்கிறது என்று புரோக்கர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஆர்சி புத்தகம் யார் பேரில் என்று கேட்டார். அக்கா தன் பேரைக் கணவர் பேரோடு சேர்த்து உரக்கச் சொன்னாள். புத்தகம் கையில் இல்லையென்றால் நகல் எடுத்துக்கொள்ளலாம், ஓனர் கையெழுத்து இருந்தால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் புரோக்கர். வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டதற்கு மீன்பிடிக்காரர், “ஆஃப்ஷோர்ல நிக்குதுப்பா” என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. என் போனில் மாப்பிள்ளைக்குப் போடச் சொல்லிக் கையில் வாங்கிக்கொண்டாள்.

“மாப்ளே, நல்லா இருக்கீங்களா? கொழந்தை நல்லா இருக்குதா? ஒண்ணுமில்ல. வண்டிக்கு ஆள் வந்திருக்குது. என் பேர்ல இருக்குதுல்ல, வித்துடலாம்னு பாக்கறேன். உள்ள உங்க சாமான் ஏதாவது இருந்தா எடுத்துக்கோங்க.”

“பெரியம்மா, மாமாகிட்ட குடுங்க” என்றார் மாப்பிள்ளை. “மாமா இன்னாத்துக்கு? அவன் பேர்லயா இருக்குது?” என்று சொல்லி அக்கா போனை என்னிடம் நீட்டினாள். “காலையில வர்றேன் மாமா” என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். மகளின் முகம்தான் கண்முன் வந்தது.

மறுநாள் காலை மாப்பிள்ளை வந்துவிட்டார். கார் சந்துக்குள் நுழையாது என்பதால் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். கண் சிவந்திருந்தது. அக்கா காபி கொடுத்தாள். குடித்தார். என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

“மாமா, நான் என்ன திருடினேனா? அந்த மொதலாளி கோடிக்கணக்குல பண்றாரு. அதுக்கு நாங்க கணக்கு எழுதித் தர்றோம். அவரு எங்களுக்கு தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்பறாரு. நான் ஒரு வண்டிக்குப் பண்ணா ஊரே கூடி நின்னு கேக்குது.”

அதுதான் என்னை ரொம்பக் குழப்பியது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் பண்ணியதும் தப்பு, அவர் குடியில்லாத விலாசத்தில் வண்டி. முதலாளி பண்ணியதில் விலாசம் இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, அங்கே ஆள் மட்டும் இல்லை. ஆனால் வண்டிக்கு விலாசத்தில் ஆள் இருந்தாள், வண்டிதான் இல்லை. எது பெரிய பொய்? சாவடியில் இருந்தபோது யாராவது இப்படிக் கேட்டிருந்தால் மேலதிகாரியைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

“மாப்ளே, நீங்க திருடினீங்கன்னு நான் சொல்லல” என்றாள் அக்கா. “என் கார்டு எனக்கு வேணும். அவ்ளோதான். வண்டியை வேற யார் பேர்ல வேணா வெச்சுக்கோங்க.”

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “என் பேர் வேணுமா சார்? மாச வாடகைக்கு விடறேன்” என்று குரல் வந்தது. மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பேர் மாற்ற அக்காவும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வர வேண்டும் என்றார். மூவரும் காரில் போனோம். அன்றைக்கு அக்கா முன்சீட்டில் உட்கார்ந்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே உட்கார்ந்தாள். பெல்ட் போடத் தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டாள். ஆபீஸ் வாசலில் கார் நின்றதும் வழக்கம்போல் பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். மாப்பிள்ளை இறங்கி, சுற்றி வந்து, கதவைத் திறந்துவிட்டார். பார்த்தவர்கள் நிஜமாகவே முதலாளியம்மா என்று நினைத்திருப்பார்கள்.

அவர் தன் பேருக்குத்தான் மாற்றப்போகிறார், தமிழ்நாட்டு வரியைக் கட்டப்போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய்க் காகிதத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முத்தியால்பேட்டையில் இருக்கும் ஓர் அம்மாளின் பேர் அதில் இருந்தது. மாப்பிள்ளையோடு ஆபீஸில் வேலை செய்கிறவரின் மாமியாராம். அதுவும் புதுச்சேரிதான். ராத்திரியோடு ராத்திரியாகப் பேசி முடித்திருக்கிறார்.

“அந்தம்மாவுக்கு என்ன கார்டு?” என்று கேட்டாள் அக்கா.

“மஞ்சள் கார்டு பெரியம்மா. மொதல்ல அதைத்தான் கேட்டேன்.”

அக்கா தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

ரசீதைக் கொண்டுபோய்க் காட்டினோம். கார்டு சிவப்பாகவே இருக்கிறது. பென்ஷன் வருகிறது. அக்கா பழையபடி பஸ்ஸில்தான் போகிறாள், வருகிறாள். ஒரு விதத்தில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய வரி வரவில்லை. இதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் வணிகவரித் துறையில் பென்ஷன் வாங்குகிறவன். நான் யாரிடமாவது சொல்ல வேண்டுமா? சொன்னால் மகள் வீட்டில் சண்டை. சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் இல்லை. அக்காவிடம் புலம்பினேன். “உன் பென்ஷன் நின்னுதா? இல்லல்ல, பேசாம இரு” என்றாள்.

போன வாரம் வீட்டில் உப்புத் தீர்ந்து புதுப் பாக்கெட் வாங்கினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பின்பக்கத்தைப் படித்தேன். உப்பு விளைந்த இடம், அடைத்த இடம், எடை, விலை எல்லாம் இருந்தது. கடைசி வரியில், பெயரும் படமும் வேறொரு நிறுவனத்தின் சொத்து என்று எறும்பு எழுத்தில் போட்டு, வாயில் நுழையாத அந்தத் தீவின் பெயரும் இருந்தது. அக்கா வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினேன்.

“அங்க யாரு கையெழுத்துப் போட்டிருப்பாங்க?” என்றாள்.

“யாராவது இருப்பாங்க. ஆயிரம் கம்பெனிக்கும் யாரோ ஒருத்தர் போட்டிருக்கணுமே.”

“பொம்பளையா இருக்கும். ‘உன் பேரை மட்டும் குடு’ன்னு கேட்டிருப்பானுங்க. வித்துடலாம்னு அவளுக்கு யாரும் சொல்லலியா?”

அந்தக் கம்பெனியின் பெயரை அவள் விற்றுவிட்டால் இங்கேயிருந்து யார் ஓடுவார்கள், எப்படி ஓடுவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். விற்க முடியாதபடி வேறு ஏதாவது எழுதி வாங்கியிருப்பார்கள். மாப்பிள்ளைக்குத் தெரியும். அந்தத் தீவில் ஏழைகளுக்குக் கார்டு உண்டா, உண்டென்றால் அது என்ன நிறம் என்றும் அவரிடம் கேட்க வேண்டும். அவர் இப்போது போனை எடுத்தால் நலம் விசாரித்துவிட்டு மகளிடம் கொடுத்துவிடுகிறார்.